ராசாவைச் சாய்க்க வேண்டிய நேரம்

தம்பி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. வழியில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டுப் பசை பூசி ஒட்டி அனுப்பியிருந்தார்கள், ஆனால் படம் காணாமல் போகவில்லை. நீயும் றெஜினாவும் பனிக்குள் நின்று எடுத்த அந்தப் படத்தை அம்மா சாமிப்படத்துக்குக் கீழே வைத்தா. நான் அதை எடுத்து அலுமாரிக்குள் வைப்பதும், அவா திரும்ப எடுத்து வெளியே வைப்பதுமாக மூன்று நாள் போனது.  நான்காம் நாள் நான் விட்டுவிட்டேன், படம் இப்போது வெளியேதான் இருக்கிறது.

ஒன்பது மாதமாக நீ ஒரே ஒரு கேள்வி கேட்கிறாய். நான் அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று எழுதினேன். சிவப்பி கன்று போட்டதை எழுதினேன், அந்தக் கன்றுக்கு வயிற்றால் போனதைக்கூட எழுதினேன். நீ றெஜினாவைக் கட்டலாமா என்பதற்கு மட்டும் ஓமும் எழுதவில்லை, இல்லையும் எழுதவில்லை. போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய்: "அப்பா, உங்கட கையெழுத்தில ஒரு வரி வராமல் கட்டமாட்டன் எண்டு அவள் சொல்லுறாள். நான் எவ்வளவு சொல்லியும் கேக்கிறாள் இல்லை." அதற்கும் நான் மழையைப் பற்றித்தான் பதில் எழுதினேன். அம்மா அந்தக் கடிதத்தை உறையில் போடமுன் வாசித்துவிட்டு, "அந்தப் பிள்ளை உங்கட ஒரு வரிக்குப் பார்த்துக்கொண்டு இருக்குது, நீங்கள் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் எழுதுறியள்" என்று சொன்னா. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. கறிக்கு உப்பும் போடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த முறை கடிதத்தின் கடைசியில், எனக்குப் பகிடியாக இருக்கட்டும் என்று நீ ஒரு விசயம் எழுதியிருந்தாய். அங்கே கம்பியூட்டரில் முகம் தெரியாத ஆட்களோடு செஸ் விளையாடுகிறாயாம். தோற்கப்போகிறாய் என்று தெரிந்தால் தோற்றேன் என்று சொல்லமாட்டாயாம். காயை நகர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி போடுவாயாம், குளிப்பாயாம். மற்றவன் பார்த்துப் பார்த்து அலுத்து எழும்பிப் போய்விட்டால் வெற்றி உன் பெயரில் விழுமாம். "உங்கட மகன்தானே, அப்பா" என்று எழுதி முடித்திருந்தாய். அம்மா வாசித்துவிட்டுச் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுரை விதைத்தவன் அவரைக்கு ஆசைப்படக் கூடாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் குணத்தை என் மகனுடைய கையெழுத்தில் வாசித்தபோது முகத்தில் யாரோ தண்ணீர் அடித்தமாதிரி இருந்தது.

மாமரத்தடியில் நானும் தவம் மாமாவும் விளையாடினதைப் பார்த்துத்தான் நீ இந்த விளையாட்டைப் பழகினாய். அவர் நீர்ப்பாசன இலாகாவில் ஓவசியராக இருந்தவர், வாய்க்கால் கதவுகளைத் திறந்து பூட்டுகிற பொறுப்பு அவருடையது. தண்ணீருக்கு வட்டக்கச்சி ஊர் முழுக்க அவருடைய கையைப் பார்த்திருக்கும், அவர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எங்கள் வாசல் படலையைப் பார்த்து வருவார். தொண்ணூறில் பக்கத்தில் விழுந்த குண்டுக்குப் பிறகு அவருக்கு இடது காது கேட்காது, வலது காதும் அரைகுறைதான். செஸ்ஸில் என்னைவிட இரண்டு பங்கு கெட்டிக்காரர். அவருடைய பழக்கம் ஒன்று எனக்குப் பிடிக்காது. ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது என்று கண்டால் ராசாவை விரலால் மெல்லச் சாய்த்துவிட்டு, "ஆட்டம் உங்கட, அண்ணை" என்று சொல்லி வெற்றிலையை எடுத்துவிடுவார். அதைக் கோழைத்தனம் என்று நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நான் கடைசிக் காலாள் விழுந்து, ராசா மூலைக்குள் முட்டி நிற்கும்வரை விளையாடுவேன். வீரம் என்று நினைப்பு.

வீரத்தின் இலட்சணத்தையும் சொல்லவேண்டும். தோற்கிறேன் என்று கண்டால் "மாடு அவிழ்ந்திட்டுது போல" என்று எழும்பிப் பின் வளவுக்குப் போவேன். அங்கே கட்டின மாடு கட்டினபடி அசைபோட்டுக்கொண்டு நிற்கும். நான் வேலியில் சாய்ந்து நின்று அடுத்த நகர்வை யோசித்துவிட்டு வருவேன். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு தவம் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆள் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டார்: ஆட்டம் முடியமுன் எழும்பினவர் தோற்றவர், மாடு அவிழ்ந்தாலும் சரி, கூரை பறந்தாலும் சரி. என்னுடைய களவுக்காகப் போட்ட அந்தச் சட்டத்தில் கடைசியில் மாட்டினது அவர்.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருசம் அது. அவருடைய ஒரே மகள் வசந்தி வவுனியாவில் தாய்மாமன் வீட்டில் நின்றாள். நோர்வேயில் கலியாணம் பேசி, இரண்டு நாளில் பயணம் என்று தகவல் வந்திருந்தது. தாயும் முதலே போய்விட்டா. ஊரை விட்டு வெளியே போகத் தவத்துக்கு அன்று ஒரு நாளைக்கு மட்டும் பாஸ் கிடைத்தது. பின்னேரத்துக்குள் ஆமி நிற்கிற பாதையைத் தாண்டவேண்டும், அடுத்த நாள் அந்தப் பாஸ் செல்லாது. சந்தியிலிருந்து ஒரு உழவு இயந்திரம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு மணியளவில் வெளிக்கிடும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, மகளுக்குக் கொடுக்கப் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் பையில் கட்டிக்கொண்டு, பூட்டின வீட்டின் திறப்பைத் தர எங்களிடம் வந்தார். பத்தரை மணிதான். இன்னும் நேரம் கிடக்கிறதே, ஒரு ஆட்டம் போடுவோம் என்று சொன்னது நான். அவர் பையை வேரடியில் வைத்துவிட்டு இருந்தார். காயை அடுக்கும்போது, "அண்ணை, மெசின் சத்தம் கேட்டால் சொல்லுங்கோ, எனக்குக் கேக்காது" என்று சொன்னார். நான் ஓம் என்றேன்.

பதினொன்றரைக்கே நான் தோற்றுவிட்டேன். ராணி போய்விட்டது, ஒரு கோட்டையும் போய்விட்டது. உண்மையான காய் தொலைந்துபோய், அதற்குப் பதிலாக நாங்கள் நூல்கட்டையை வைத்து விளையாடின கோட்டை அது, உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த இடத்தில் ராசாவைச் சாய்த்திருந்தால் மனிதன் சோறும் தின்றுவிட்டு ஆறுதலாகச் சந்திக்குப் போயிருப்பார். நான் சாய்க்கவில்லை. அவருடைய மனம் மகளிடம் நிற்கிறது, அவசரத்தில் ஒரு பிழை விடுவார் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு நகர்வுக்கும் கால் மணித்தியாலம் நாடியைத் தடவிக்கொண்டு இருந்தேன். அவர் இரண்டு தடவை வெயிலைப் பார்த்தார், ஒரு தடவை பையைப் பார்த்தார். எழும்பவில்லை. எழும்பினால் தோல்வி என்பதும் ஒன்று, வென்ற ஆட்டத்தை விட்டுப்போக எந்த மனிதனுக்கு மனம் வரும்?

பன்னிரண்டரை இருக்கும், சந்திப் பக்கம் உழவு இயந்திரம் இரைந்தது. சொன்ன நேரத்துக்கு முதலே வெளிக்கிடுகிறார்கள். எனக்குக் கேட்டது, தம்பி. நல்ல தெளிவாகக் கேட்டது. அவர் பலகையில் குனிந்து இருந்தார், அவருடைய குதிரை தப்பான கட்டத்தை நோக்கிப் போகிறமாதிரி எனக்கு ஒரு நம்பிக்கை. இந்த ஒரு நகர்வு முடியட்டும், சொல்கிறேன் என்று நினைத்தேன். சத்தம் தூரப் போனது. குதிரை சரியான கட்டத்தில்தான் இருந்தது. பிறகு மளமளவென்று நாலு நகர்வில் என் ராசா மூலைக்குள் முட்டினது. அவர் சந்தோசமாக எழும்பிப் பையை எடுத்துக்கொண்டு, "திறப்பு கவனம் அண்ணை" என்று சொல்லிப் போனார்.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். சேட்டு முழுக்க வியர்வை. சைக்கிளில் கொஞ்சத் தூரம் துரத்திப் பார்த்திருக்கிறார், சங்கிலி அறுந்துவிட்டது. "மெசின் போயிட்டுது அண்ணை. உங்களுக்கும் கேக்கேல்லையோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் அதை நம்பினார். அதற்குப் பிறகு பாதை பூட்டி வாரக்கணக்காகத் திறக்கவில்லை. வசந்தி தகப்பனைப் பாராமல் விமானம் ஏறினாள். இன்றுவரைக்கும் அவர் தன் பிள்ளையைக் கண்ணால் காணவில்லை. பேரப்பிள்ளைகளின் படம்தான் வருகிறது.

நீ அன்று ரியூசனுக்குப் போயிருந்தாய். உனக்குத் தெரிந்த கதை ஊருக்குத் தெரிந்த கதைதான்: செஸ் பித்தில் மகளை வழியனுப்பாமல் விட்ட ஓவசியர். சங்கக் கடையில், வாய்க்கால் கூட்டத்தில், கலியாண வீட்டுப் பந்தலில் எல்லா இடத்திலும் அந்தப் பகிடி நடந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். பக்கத்தில் இருந்து நானும் சிரித்திருக்கிறேன். அவருடைய மனிசி அவரை மன்னிக்க இரண்டு வருசம் எடுத்தது. அந்த இரண்டு வருசமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவா என்னிடம்தான் வந்து குறை சொல்லி அழுவா. நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன், பாரேன் என்னுடைய வாயை.

இதைப் படித்துவிட்டு, தோல்வி தெரிந்தால் உடனே எழும்பிவிடவேண்டும் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. தவமும் பிழை விட்டவர்தான். ஒருநாள் கோட்டை போனவுடன் வெட்கத்தில் ராசாவைச் சாய்த்துவிட்டார். அவர் போனபிறகு நான் பலகையைப் பார்த்தால், குதிரையால் ஒரு முறை எட்டிப் பாய்ந்திருந்தால் என்னுடைய ராணி போயிருக்கும். அதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை, அது வேறு கதை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து செய்த முதல் சிறுபோக வெள்ளாமையைப் பற்றியும் உனக்கு எழுதினேன். கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஒவ்வொருவராக வயலை விட்டு, காய்ந்த பயிருக்குள் மாட்டை அவிழ்த்து மேயவிட்டார்கள். மாடு இறங்கினால் அந்தப் போகம் முடிந்தது என்பது இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. என்னையும் விடச் சொன்னார்கள், அம்மாவும் விடச் சொன்னா. ஆனால் கழிவு வாய்க்காலில் ஒரு மடுவில் தண்ணீர் கிடந்ததை நான் கண்டிருந்தேன். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றித் தண்ணீர்ப் பம்பை ஓடவிட்டேன். மூன்று கிழமை வீட்டில் விளக்கில்லை. பாதிப் பயிர் தப்பினது, அந்த வருசம் கடன்படாமல் சோறு தின்றோம். அந்த முறை நான் விடாமல் நின்றது சரி.

அப்போது எந்த நேரம் விடுவது, எந்த நேரம் நிற்பது? நான் இந்தப் பதினைந்து நாளும் யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். உன்னிடம் ஒரு நகர்வு இருக்கிறது, ஒரு மடுத் தண்ணீர் இருக்கிறது என்றால் ஆர் சிரித்தாலும் நில். உன்னிடம் ஒன்றுமில்லை, மற்றவன் களைத்துப்போவான், அவனுக்குப் பசிக்கும், அவனுக்கு வேறு அலுவல் வரும் என்பதுதான் உன்னுடைய முழு நம்பிக்கையும் என்றால், நீ விளையாடவில்லை. அவனுடைய நாளைப் பிடித்துவைத்துக்கொண்டு இருக்கிறாய். அந்தக் கம்பியூட்டருக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவனுக்கும் சோறு ஆறும், தம்பி. அவனும் எங்கேயோ போகப் பையைக் கட்டி வைத்திருப்பான். முகம் தெரியாததால் அது உனக்குப் பகிடியாக இருக்கிறது. எனக்கு முகம் தெரிந்தது, அப்படியும் செய்தேன்.

போனதற்கு முந்தின ஞாயிறு தவம் வந்தார். நான் உன் கடிதத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டம் அவருடைய பக்கம் நல்லாகப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்து, அன்றைக்கு மெசின் சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னேன். அவர் வலது காதைத் திருப்பி, "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார். பத்து வருசம் சொல்லாததை நான் இரண்டாம் தடவை சத்தம்போட்டுச் சொல்லவேண்டியிருந்தது. குசினிக்குள் நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

தவம் கையில் எடுத்த காயைத் திரும்பப் பலகையில் வைத்தார். பிறகு, "மகளைப் பாக்காமல் விட்டது என்ர விதி எண்டு வைப்பம். சனம் என்னைப் பகிடி பண்ணேக்கை நீங்களும் சேர்ந்து சிரிச்சனீங்கள், அண்ணை" என்றார். அவ்வளவுதான். வெல்லுகிற ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனார். அவர் ஆட்டத்தின் நடுவில் எழும்பினதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. நான் அவருடைய படலைவரைக்கும் போனேன், மனிசி வந்து அவர் படுத்திருக்கிறார் என்று சொன்னா. பகல் பதினொரு மணி. நான் திரும்பி வந்தேன். வருவாரோ தெரியாது. வராவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

 வரும்போது வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு இருந்தேன். இந்த ஒன்பது மாதமும் நான் செய்தது என்ன என்று அங்கே வைத்துத்தான் என்னை நானே கேட்டேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும், இது நான் வெல்லுகிற விசயம் இல்லை என்று. அந்தப் பிள்ளையில் சொல்ல ஒரு குறை என்னிடம் இல்லை. இரண்டு வேலை பார்த்துத் தாய்க்குக் காசு அனுப்புகிறவள், நீ காய்ச்சலில் கிடந்தபோது உனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், கடல் தொழில் செய்கிற ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள் என்பதுதான் என்னுடைய கையில் இருந்த ஒரே காய். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த அந்தப் பெருமையை மூன்று இடப்பெயர்விலும் நான் தொலைக்கவில்லை பார், கட்டில், கதிரை, உன்னுடைய புத்தகங்கள் எல்லாம் போயும் அது மட்டும் கூடவே வந்தது. ஆனால் அதை வெளியே எடுத்து வைக்க எனக்கே வெட்கம். அதனால் மழையைப் பற்றி எழுதினேன். அந்தப் பிள்ளை அலுத்துப்போய்த் தானாக எழும்பிப் போகட்டும் என்று இருந்தேன். அவள் எழும்பவில்லை, நீயும் எழும்பவில்லை. மாதாமாதம் அதே கேள்வியை எழுதினீர்கள். நீங்கள் இரண்டு பேரும் நின்றது சரி, உங்களிடம் நகர்வு இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிட்டுப் புதுக்குடியிருப்பால் சுற்றி, பாதி பஸ்ஸிலும் பாதி யாரோ ஒருவருடைய சைக்கிளிலும் றெஜினாவின் ஊரான சிலாவத்தைக்குப் போனேன். அம்மா வரவில்லை, அவாவுக்கு முழங்கால் ஏலாது. றெஜினாவின் தாய் கடற்கரைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் தன்னுடைய தமையனோடு இருக்கிறா. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நான் இன்னார் என்று சொன்னதும் அவா சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தா. இருந்த ஒரே கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டுத் தான் நின்றா. எவ்வளவு சொல்லியும் இருக்கவில்லை. தமையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் தமையன் ஒரு சோடாப் போத்தலோடு வந்தார். தாய் அதை என் முன்னால் வைத்தா, மூடி திறக்காமல். உனக்கு இது விளங்கும், அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு விளங்காது. எங்கள் ஆட்கள் அவர்கள் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள் என்று அவாவுக்குத் தெரியும். அவர்கள் கோப்பையில் நான் வாய் வைக்கவேண்டி வராமல், என்னுடைய மானத்தைக் காப்பாற்றி, இந்தத் தட்டுப்பாட்டு நேரத்தில் எங்கேயோ தேடி அந்தப் போத்தலை எடுப்பித்திருக்கிறா. மகளை ஒன்பது மாதம் காக்கவைத்த மனிதனுக்கு அவா செய்த மரியாதை அது.  அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"சோடா வேண்டாம் தங்கச்சி. மத்தியானத்துக்கு என்ன கறி காய்ச்சினனீங்கள்?" என்று கேட்டேன்.

அவா தமையனைப் பார்த்தா. தமையன் என்னைப் பார்த்தார். பிறகு அவா உள்ளே போனா, சோத்துக் கோப்பை கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சோறும் பாரைமீன் குழம்பும் ஒரு சொதியும். புளி கொஞ்சம் தூக்கல். நான் இரண்டாம் தடவையும் போடுவித்துச் சாப்பிட்டேன், அதற்குப் பிறகுதான் அவா நிலத்தில் இருந்து என்னோடு கதைத்தா. கலியாணம் அவர்களுடைய கோயிலில் நடக்கட்டும், நான் ஓம் சொல்லிவிட்டேன். கலியாண நாளை நீங்கள் இரண்டு பேரும் குறியுங்கோ. அம்மா றெஜினாவுக்குக் கூறைச்சேலை வாங்க இப்போதே ஆள் தேடுகிறா.

இதற்குக் கீழே இருப்பது உனக்கில்லை. தாளைக் கிழித்து அவளுடைய கையில் கொடு, ஒரு வரிதானே கேட்டவள்.

மகள் றெஜினா, உன் வீட்டில் உன் அம்மாவின் கையால் சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அப்பா